தப்பு விரலிலா, பியானோவிலா?

கொடைக்கானல் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஏரி, வாடகை சைக்கிள், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட். சினிமாக்காரர்களுக்கு 1991ல் வந்த 'குணா', அந்தக் குகை, அப்புறம் அதே குகையை 2024ல் மறுபடி பிரபலமாக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. பியானோ யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, தெருவில் நடந்து போகும்போது பியானோச் சத்தம் காதில் விழக்கூடிய சின்ன ஊர்களை எண்ணினால் கொடைக்கானல் கண்டிப்பாக அதில் இருக்கும். அதற்குக் காரணம் சரித்திரம்.

1845ல் அமெரிக்கன் மதுரா மிஷனைச் சேர்ந்த பாதிரியார்கள் கீழே அடித்த வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து மேலே வந்து, இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1901ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். சர்ச், பள்ளிக்கூடம், கோடைக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் என்று மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் பாட்டும் இருக்கும், பாட்டோடு கட்டை வைத்த வாத்தியமும் இருக்கும்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். மோட்டார் வண்டி ஏறுகிற மலைச்சாலை 1910களில்தான் வந்தது. அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வரைக்கும் ஏறுகிற பாதைதான் வழி. வசதியானவர்கள் டோலியிலும் குதிரையிலும் போனார்கள். சாமான்கள் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் போயின. சுவரோடு ஒட்டி நிற்கிற அப்ரைட் பியானோவின் எடை சாதாரணமாக 200 கிலோவுக்கு மேல். அந்தக் காலத்தில் மேலே வந்த எந்தப் பியானோவும் யாரோ சிலருடைய தோளை அழுத்தித்தான் வந்திருக்க வேண்டும். வாசித்தவர்களின் பெயராவது எங்காவது எழுதியிருக்கும். தூக்கியவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த ஊரில் ஒரு டீச்சர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 43. சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வரும் வழியில், மூடிய ஜன்னலுக்குப் பின்னால் யாரோ பியானோ வாசிப்பதைக் கேட்டு ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவர். அப்புறம் படிப்பு, கல்யாணம், வேலை, பிள்ளைகள். இப்போது மூத்தவன் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்துவிட்டான். கையில் சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. நகை வாங்கலாம் என்கிறார் மாமியார். வண்டியை மாற்றலாம் என்கிறார் கணவர். டீச்சர் பியானோ என்கிறார்! வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாற்பதிலோ ஐம்பதிலோ முதல்முறையாக ஒரு வாத்தியத்தின் முன்னால் உட்காருகிறவர்கள். பியானோ வாங்கக் கடைக்குப் போனால் இவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்த பிராண்ட் நல்லது?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் மலையில் வாழ்கிற, வயதான பிறகு ஆரம்பிக்கிற ஒருவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நாளைக்கு வாசிக்கும்போது தப்பு வந்தால், அது தன் விரலில் வந்த தப்பா, பியானோவில் வந்த தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எட்டு வயதுப் பிள்ளையிடம் மோசமான பியானோவைக் கொடுத்தால், அது வாசித்துப் பார்த்துவிட்டு "மிஸ், இந்தக் கட்டை வேலை செய்யலை" என்று சொல்லும். பிரச்சினை முடிந்தது. 43 வயதுக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். "எனக்கு விரல் மடங்கலை, வயசாயிடுச்சு, இதெல்லாம் சின்ன வயசிலேயே கத்துக்கிட்டிருக்கணும்" என்று நினைத்துக்கொள்வார். வெளியே சொல்லவும் மாட்டார். தினமும் அரை மணி நேரம் என்பது வாரத்துக்கு ரெண்டு நாள் ஆகும். அப்புறம் பியானோ மேல் ஒரு எம்ப்ராய்டரி துணி, துணி மேல் குடும்ப போட்டோ, போட்டோ பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. கதை முடிந்தது :-)

அதனால்தான் முதல் பியானோ ஒழுங்கானதாக இருக்க வேண்டும். 'கத்துக்கத்தானே, எதுவானாலும் போதும்' என்று பலரும் சொல்வார்கள். நிஜத்தில் நேர் எதிர். 1975 ஜனவரி 24ஆம் தேதி ஜெர்மனியின் கொலோன் நகரில் கெய்த் ஜாரெட் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞர் கச்சேரி செய்ய வந்தார். அவர் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக ஒத்திகைக்கு வைத்திருந்த ஒரு சின்னப் பியானோ மேடையில் நின்றது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி ஒலித்தது, பெடல் சரியில்லை. அவர் அதன் குறைகளைச் சுற்றிச் சுற்றியே, நடுப்பகுதிக் கட்டைகளில் அதிகம் வாசித்து, அன்றைக்கு ஒரு முழுக் கச்சேரியைக் கற்பனையில் செய்து காட்டினார். அந்த ஒலிப்பதிவு தனிப் பியானோ இசைத்தட்டுகளில் உலகத்திலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்று. மோசமான வாத்தியத்தைச் சமாளிக்க அப்படி ஒரு மேதை வேண்டும். 'சரிகம' அளவில் இருப்பவரால் அது ஆகாது.

சரி, பியானோ ஏன் மலையில் கெட்டுப்போகிறது? அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் உண்டாக்கிய யோசனைதான் இன்றைக்கும். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளிச் சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கும். கட்டை என்பது நம் ஊர் ஹார்மோனியக் கட்டைதான். 'நாலு கட்டை, அஞ்சு கட்டை' என்று சுருதி சொல்கிறோமே, அதே கட்டை. பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, மொத்தம் 88. இந்த 88க்கும் சேர்த்து உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள். நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி இறுக்கிக் கட்டியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 16 டன்னைத் தாண்டும். ஒரு லாரிப் பாரம்! அதைத் தாங்குவது உள்ளே இருக்கிற வார்ப்பிரும்புச் சட்டம்.

இரும்புக்கு மலைப்பனி பெரிய விஷயம் இல்லை. மரத்துக்குத்தான் எல்லாப் பாடும். கம்பிகளுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த சவுண்ட்போர்டு என்று ஒரு மெல்லிய பலகை இருக்கும். ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பியானோவின் குரலே அதுதான். காற்றில் ஈரம் ஏறினால் இந்தப் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். உப்பினால் மேலே இருக்கிற கம்பிகளைத் தள்ளும். கம்பி இன்னும் இறுகும், சுருதி ஏறும். காற்று காய்ந்தால் பலகை சுருங்கும், சுருதி இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. நடுப்பகுதி அதிகம் மாறும், இரண்டு ஓரமும் குறைவாக மாறும். அதனால் பியானோ தனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிக்கும்.

மிருதங்க வித்வான் கச்சேரி நடுவில் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே ஈரம், வெயில், ஏசி சமாச்சாரம்தான். வீணைக்காரர் பிரடையைத் திருகிக்கொள்வார். நம் ஊர் வாத்தியங்களில் வாசிக்கிறவரே சுருதி சேர்ப்பார். பியானோவில் 230 முளைகள். வாசிக்கிறவர் தொட முடியாது. அதற்கென்று பழகிய ஒருவர் சாவியோடு வரவேண்டும், ரெண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, துவைத்த துணி மூன்று நாள் காயாமல் தொங்குகிற ஊர். அதே ஊரில் பிப்ரவரி, மார்ச்சில் பழனி மலைக் காடுகளில் தீப்பிடித்த செய்தி வரும். காற்று அவ்வளவு காய்ந்து போகிறது என்று அர்த்தம். பியானோவுக்குப் பிடித்தது 40லிருந்து 60 சதவீதம் வரை ஒரே சீரான ஈரப்பதம். கொடைக்கானல் கொடுப்பதோ வருஷத்துக்கு ஒருமுறை முக்கி எடுத்து, ஒருமுறை காயப்போடுவது.

சுருதி மாத்திரம் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சின்ன உலோக முளை, அதைச் சுற்றிக் கம்பளித் துணி. ஈரத்தில் அந்தத் துணி உப்பினால் அழுத்திய கட்டை மேலே எழும்பாது. டீச்சர் மூன்றாவது விரலால் ஒரு ஸ்வரத்தை வாசிப்பார், அடுத்த முறை அதே விரலை வைத்தால் சத்தம் வராது. கட்டை இன்னும் கீழேயே இருக்கிறது. ஆனால் அவர் பார்ப்பது கட்டையை அல்ல, தன் விரலை. "மூணாவது விரல்தான் எப்பவும் தகராறு" என்று முடிவு கட்டிவிடுவார்.

இப்போது டீச்சர் முன்னால் மூன்று வழிகள்.

முதல் வழி, பழைய பங்களா. யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள், சாமான்கள் விலைக்கு. ஹாலில் ஒரு பழைய இங்கிலீஷ் பியானோ. வழவழப்பான வால்நட் மரம், முன்னால் மெழுகுவர்த்தி வைக்கப் பித்தளைக் கைகள். மூடியைத் திறந்து ஒரு கட்டையைத் தொட்டால் அதே சின்ன வயது ஜன்னல் சத்தம். விலையோ ரொம்பக் குறைவு. டீச்சர் அங்கேயே விழுந்துவிட்டார்.

இங்கேதான் கையில் இருக்கிற செல்போன் உதவும். சுருதி பார்க்கிற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. நடு சி கட்டைக்கு மேலே இருக்கிற ஏ கட்டையை அழுத்தினால் 440 காட்ட வேண்டும். கொஞ்சம் கீழே இருந்தால் பரவாயில்லை, நாளானால் இறங்கும். 415 காட்டினால் முழுசாக அரை ஸ்வரம் கீழே. பல வருஷம் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அதை ஏற்ற முயன்றால் துருப்பிடித்த பழைய கம்பிகள் அறுந்து போகலாம். முளைகளைப் பிடித்திருக்கிற மரக்கட்டை தளர்ந்திருந்தால் இன்றைக்கு ஏற்றிய சுருதி அடுத்த வாரம் இறங்கிவிடும்.

மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். பழைய இங்கிலீஷ் பியானோக்கள் பலவற்றில், சத்தத்தை நிறுத்துகிற தக்கைகள் சுத்தியலுக்கு மேலே, வரிசையாகக் கம்பிகளால் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் பறவைக்கூண்டு மாதிரி இருக்கும், அதற்குப் பட்டப்பெயரும் அதுதான். இந்த வகையில் கையை எடுத்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். சுருதி சேர்க்கிறவருக்கும் தலைவலி. அப்புறம் அந்தூப்பூச்சி அரித்த கம்பளி, எலி கூடு கட்டிய அடையாளம், மரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், கீழே மாவு மாதிரி தூள். மரத்தூள் உதிர்ந்திருந்தால் பியானோவோடு சேர்த்து வண்டையும் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம் என்று பொருள்.

இன்னொன்று. ரொம்பப் பழைய பியானோவில் வெள்ளைக் கட்டைகளின் மேல் ஒட்டியிருப்பது யானைத் தந்தமாக இருக்கலாம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையும் ரெண்டு துண்டாக ஒட்டி, நடுவில் மெல்லிசாகக் கோடு தெரியும். இந்தியாவில் தந்த வியாபாரம் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1991ல் வந்த திருத்தத்தில் ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்ந்துவிட்டது. யானை நடமாடுகிற மலையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டைகளைத் தொடுவதே ஒரு மாதிரி இருக்கும். சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது வழி, ஜப்பானில் செய்த, ஏற்கெனவே ஒருவர் வாசித்த பியானோ. யமஹா, கவாய் இரண்டும் பல லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. உள்ளே ஒரு வரிசை எண் இருக்கும், அதை வைத்து எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். உயரமும் முக்கியம். யமஹாவின் யு1 வகை 121 சென்டிமீட்டர், யு3 வகை 131 சென்டிமீட்டர். உயரம் கூடினால் கீழ் ஸ்தாயிக் கம்பிகள் நீளும், பலகையும் பெரிதாகும், மந்திர ஸ்வரங்கள் கணீரென்று வரும். ஒரு மீட்டருக்கும் குறைவான குட்டைப் பியானோக்களில் அந்தப் பகுதி தொண்டை கட்டிய மாதிரி இருக்கும்.

இதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டியிருக்கும். சென்னையில் இந்த வியாபாரத்துக்கு வயது அதிகம். 1842ல் மிஸ்க்வித் என்ற பெயரில் ஆரம்பித்த கடைதான் இன்றைய மியூசி மியூசிக்கல். எந்தக் கடையானாலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். கடலோரத்தில் ரொம்ப வருஷம் இருந்த பியானோவில் உப்புக்காற்றால் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். மேல்பாலிஷ் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். பாலிஷுக்கு ஏமாறாமல் டார்ச் அடித்துக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கூச்சப்படாமல் உட்கார்ந்து 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். முதலில் ரொம்ப மெதுவாக. எது மெல்லிய சத்தம் தருகிறது, எது ஊமையாகப் போகிறது என்று தெரியும். ரெண்டாவது, ஒரே கட்டையை வேகமாக ஏழெட்டு முறை. மேலே எழும்பத் தாமதிக்கிற கட்டை அப்போது மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, அழுத்திவிட்டுக் கையை எடுத்து, சத்தம் உடனே நிற்கிறதா என்று கேட்க வேண்டும். நான்காவது, ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக் காது கொடுக்க வேண்டும். மூன்று கம்பியும் ஒன்றாக இருந்தால் சத்தம் நேராகப் போகும், இல்லையென்றால் 'வாவ்வாவ்வாவ்' என்று அலையும். இதற்கெல்லாம் சங்கீதம் தெரிந்திருக்கவே வேண்டாம். ஆரம்பநிலைக்காரர்கள் "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். கடைக்காரர் நன்றாக வாசிப்பார். அவருக்குத் தெரிந்த பாட்டில், நல்ல கட்டைகள் மட்டும் வருகிற மாதிரி!

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ட்யூனருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுவது. பழைய கார் வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

மூன்றாவது வழி, டிஜிட்டல் பியானோ. இதைச் சொன்னாலே சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் டீச்சரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இதுதான். இதற்குச் சுருதி மாறாது. கட்டை ஒட்டாது. அதனால் தப்பு வந்தால் அது விரலில்தான் வந்திருக்கும், பழியை வேறு எதன் மேலும் போட முடியாது. 88 கட்டை இருக்க வேண்டும், நிஜப் பியானோ மாதிரி கனமான கட்டையாக இருக்க வேண்டும், பெடல் வேண்டும். புதுசாக வாங்கினாலும் சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும், புதிய அப்ரைட்டோ சில லட்சங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு வாசித்தால் மாமியாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் வாசிக்க முடியாது என்பது ஒரு குறை. இன்னொரு குறை, ஒரு கட்டையை அழுத்தும்போது மற்ற கம்பிகளும் லேசாகச் சேர்ந்து அதிர்வதும், மரம் உடம்பில் வந்து இடிப்பதும். அது நிஜப் பியானோவில்தான் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவருக்கு என்றைக்காவது ஒருநாள் அது வேண்டியிருக்கும்.

அதனால் டீச்சர் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம், பங்களாப் பியானோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது. மனசு கேட்காதுதான். சீட்டுப் பணத்தில் ஒரு பகுதிக்கு டிஜிட்டல் பியானோ. மீதியைத் தொடக் கூடாது. அத்தோடு சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி. ஹைக்ரோமீட்டர் என்று கேட்டால்தான் கடையில் தெரியும். நிஜப் பியானோ எந்தச் சுவரோரம் நிற்கப் போகிறதோ அங்கே அதை மாட்டி, ஒரு வருஷம் நோட்டில் குறிக்க வேண்டும். அக்டோபரில் எவ்வளவு, ஜனவரியில் எவ்வளவு, மார்ச்சில் எவ்வளவு. எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வெளிச்சுவர் வேண்டாம், வீட்டுக்குள் இருக்கிற நடுச்சுவர் நல்லது. ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். மலை வீடுகளில் விறகு எரிக்கிற கணப்பு இருக்கும், அதன் பக்கத்தில் கூடவே கூடாது. சுவருக்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று ஓடும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித் துணி போதும்.

முன்னெல்லாம் மழை நாடுகளில் பியானோவின் அடிப்பகுதியில் ஒரு சின்ன பல்பை எரியவிடுவார்கள். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. இன்றைக்கு அதே யோசனையில் எல்இடி பல்பைப் போட்டால் எலிக்கு வெளிச்சம் கிடைக்கும், பியானோவுக்குச் சூடு கிடைக்காது :-) அதற்கென்றே குறைந்த வாட்டில் சூடாகும் குழாய்கள் வருகின்றன. ஈரம் ஏறினால் தானாக எரிந்து, குறைந்தால் தானாக அணைகிற கருவியோடு சேர்த்து மாட்டுவது நல்லது. இல்லையென்றால் மார்ச் மாசத்திலும் எரிந்து மரத்தைக் காயவைத்துவிடும்.

அப்புறம் ட்யூனர். பிராண்டைவிட முக்கியமான ஆள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மலையேறி வர யார் தயார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பியானோவுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர் என்றால் போக்குவரத்துச் செலவே ஒரு தொகை ஆகும். ஊரில் பியானோ வைத்திருக்கிற பள்ளிகளிலும் சர்ச்சுகளிலும் ட்யூனர் எப்போது வருகிறார் என்று விசாரித்து, அதே பயணத்தில் நம் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். பியானோ மலையேறி வந்ததும் அன்றைக்கே சுருதி சேர்க்கக் கூடாது. ரெண்டு மூன்று வாரம் அந்த அறையின் காற்றுக்கு அது பழகட்டும்.

இத்தனை தொல்லைப்பட்டு 43 வயதில் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியும் வரும். கொடைக்கானல் மலையின் தெற்கே இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே பண்ணைப்புரத்தில் 1943ல் பிறந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறைப்படி கற்க ஆரம்பித்தபோது இருபத்தைந்தை நெருங்கியோ தாண்டியோ இருந்தார். அதற்கு முன்பே பல வருஷம் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர், அதனால் அவரை டீச்சரோடு ஒப்பிட முடியாது. ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த வாத்தியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இன்னொருவர் முன்னால் முதல் பாடத்திலிருந்து உட்கார அவர் வெட்கப்படவில்லை. டிரினிட்டி மாதிரியான லண்டன் தேர்வுகளுக்கும் வயது வரம்பு கிடையாது. முதல் கிரேடு எழுதப் போனால் பக்கத்து நாற்காலியில் எட்டு வயதுப் பையன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்பான். அதற்கு மட்டும் தயாராக இருக்க வேண்டும்.

ஒன்றரை வருஷம் கழித்து, நவம்பர் மாதம் ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். போன கோடையில் 121 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பழைய ஜப்பான் பியானோ, வத்தலக்குண்டு வழியாகச் சாக்கும் மெத்தையும் சுற்றி, நாலு ஆள் பிடித்து மேலே வந்து, நடுச்சுவரோரம் நிற்கிறது. வெளியே மூன்று நாளாக மழை. டீச்சர் விரல் பயிற்சி வாசிக்கிறார். நடுவில் ஒரு ஸ்வரம் இரண்டாம் தடவை வரவில்லை.

போன வருஷத்து ஆளாக இருந்திருந்தால் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போயிருப்பார். இப்போது விரலை எடுத்துவிட்டுக் கட்டையைப் பார்க்கிறார். அது கீழேயே இருக்கிறது. சுவரில் ஈரப்பதமானியைப் பார்க்கிறார். 82. நோட்டை எடுத்துத் தேதி போட்டு, 'நடு மி ஒட்டுகிறது, ட்யூனரிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதுகிறார்.

அப்புறம் அந்த ஒரு ஸ்வரம் வராத பாட்டாகப் பார்த்து, வேறு ஒன்றை எடுத்து வாசிக்கிறார். ஸ்கூலுக்குப் போக இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.